முதற்பலனாய்ப் போன மூடி

1

மியூனிக்கில் இன்று விடிந்ததும் மழை பிடித்தது. பால்கனியில் டப்பென்று ஒரு சத்தம். மூடி விழுந்துவிட்டது.

நான்காம் மாடி. பூந்தொட்டிகளுக்கு நடுவே ஒரு சிரட்டை, பாதித் தேங்காய் ஓடு. அதன் மேலே கம்பியில் ஆடும் உள்ளங்கை அகலத் தகர மூடி. மூடியைத் திறந்தபடி தாங்கி நிற்பது, விரல் நீளத்துக்கு வெட்டிய ஒரு துண்டு பப்படம். பொரிக்காத பப்படம். வெயிலில் மரச்சில்லுபோல விறைத்து நிற்கும். பனிக்கு அசையாது. மழை விழுந்தால் தளரும், மடங்கும்; மூடி தன் பாரத்தால் இறங்கிச் சிரட்டையை மூடிக்கொள்ளும்.

அடுத்த வீட்டு ஜெர்மானியப் பெண்மணி ஒருநாள் எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். என் தங்கை செய்தது என்று சொல்ல வந்தேன். இருபத்திரண்டு வருட ஜெர்மன் காலை வாரிவிட்டது. “இது என் தங்கை” என்று சொல்லிவிட்டேன். அவர் மரியாதையோடு தலையசைத்துவிட்டு உள்ளே போனார். நான் திருத்தவில்லை.

2

என் தங்கை ரோஸ்லெட் தக்கலைக்கு மேற்கே, எங்கள் இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டத்தில் தானே பால்வெட்டுகிறாள். கணவன் மஸ்கட்டில். இருக்கும் வீடு அவன் பெயரில். தோட்டம் என் பெயரில். அப்பா அப்படி எழுதிவிட்டுப் போனார், நானும் அப்படியே விட்டிருந்தேன். ரேஷன் அட்டையையும் ஆதாரையும் தள்ளிவிட்டால் அவள் பெயர் எழுதிய தாள் ஒன்றும் இந்த உலகத்தில் இல்லை.

ரப்பர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் பட்டையில் கத்தியால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் பால் வழிந்து, மரத்தில் செருகிய தகர நாக்கு வழியாகச் சிரட்டையில் சொட்டும். பத்துப் பத்தரைக்குச் சேகரிக்க வேண்டும். நடுவில் மழை வந்தால், மரத்தில் வழியும் தண்ணீர் சிரட்டையை நிரப்பிப் பாலை வெளியே தள்ளிவிடும். அன்றைய விடியல் முழுவதும் மண்ணில் வெள்ளையாக ஓடும்.

இங்கே நான் வேலைக்குப் போகும் டிராமில் ஆறரை மணி என்றால் கோடையில் அங்கே பத்து. அப்போதுதான் நாங்கள் பேசுவோம். ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பேச்சு ஒரே மாதிரிதான் முடியும்.

“அண்ணே, மழ வருகு. வைக்கேன்.”

அவ்வளவுதான். வாளியோடு முந்நூறு மரத்துக்கும் ஓடுவாள். நான் டிராம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி, பாதியில் நின்ற வாக்கியத்தோடு இருப்பேன். அப்படி அறுந்து கிடக்கும் வாக்கியங்கள் எத்தனையோ. அதில் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. அம்மா இறந்த ஆண்டு, ஒரு காலையில் அவள் தொடங்கினாள்:

“அம்மா போறதுக்கு முந்தின நாளு உன்னப் பத்தி ஒண்ணு சொன்னா, கேட்டியா…”

மழை. வைத்துவிட்டாள். பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். “பொறவு சொல்லுகேன்” என்பாள்.

3

என் வேலை தேடுவது. யாராவது ஒருவர் ஒரு பொருளோடு வந்து, ‘இது புதிது, நான்தான் முதலில் செய்தேன், காப்புரிமை வேண்டும்’ என்பார். உலகத்தின் பழைய தாள்களை எல்லாம் துழாவி, ‘இல்லை, இது முந்தியே இருந்தது’ என்று எழுதிக் கொடுப்பேன். ஊரை விட்டு வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வாய்க்காது. எந்தப் புதுத் தெருவில் நடந்தாலும் முந்தியே இருந்த ஒன்றைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஜெர்மானியர்களுக்குத் தங்கள் காப்புரிமைச் சட்டத்தின் மேல் ஒரு பெருமை உண்டு. அலுவலகத்தில் அந்தப் பேச்சு வரும்போது மெல்லச் சொல்வேன்: உங்கள் நாடு முழுமைக்குமான சட்டம் 1877-இல், கல்கத்தாவில் 1856-லேயே போட்டுவிட்டார்கள். போட்ட மறு வருடமே, ராணியின் ஒப்புதல் வாங்காமல் போட்டது என்று அதை ரத்துசெய்ததையும், 1859-இல் திரும்ப எழுதியதையும் சொல்ல மாட்டேன். நாட்டுப் பெருமையில் கொஞ்சம் மறைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அந்தச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது, யார் யாருக்காகக் கதவு திறந்தது என்பது தெரிகிறது. 1883-இல் ஒரு சட்டம் வந்தது. கண்காட்சியில் காட்டிய பொருள் பழசாகிவிடாது, காட்டிய ஆறு மாதத்துக்குள் மனுப் போடலாம் என்றது. கண்காட்சியில் கடைபோட வந்த கம்பெனிக்காரருக்காகத் திறந்த கதவு அது. 1911-இல் எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக எழுதினார்கள். அதெல்லாம் எங்கள் ஊருக்கு நேராக வரவும் வராது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு எங்கள் பக்கம் அன்று திருவிதாங்கூர் ராஜ்யம். பிறகு நாடு நம்முடையதாகி, 1970-இல் நம் நாடாளுமன்றமே ஒரு சட்டம் எழுதியது. மருந்திலும் உணவிலும் பொருளின் மேல் யாரும் உரிமை கொண்டாட முடியாது, செய்யும் முறையின் மேல்தான் முடியும் என்றது. ஏழையின் மாத்திரைக்காகத் திறந்த கதவு. 2005-இல், உலக வணிக ஒப்பந்தத்துக்காக அது மாறியது. இப்படி ஒரு கதவு திறக்க, ஒரு கதவு சாத்த.

தங்கை எந்தக் கதவு வழியாக வருவாள் என்று நான் அப்போதெல்லாம் நினைத்ததே இல்லை.

4

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. விளைந்ததில் முதலாவதை ஆலயத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் வாழைக்குலை, முதல் பலாப்பழம், கோழி போட்ட முதல் முட்டை. தையற்கடை வைத்தவர் முதலில் தைத்த சட்டையைக் கொண்டுவருவார். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். முதலாவது நமக்கில்லை, அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தொடுவது சரியில்லை. இதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை.

ரோஸ்லெட் இரண்டு மழைக்காலம் வீட்டு முற்றத்துப் பலாமரத்தில் தட்டிமுட்டிப் பார்த்து, கடைசியில் ஒழுங்காக வேலை செய்த முதல் மூடியை அப்படித்தான் கொண்டுபோனாள்.

ஏலத்தை அவளுடைய மகள் வீடியோவில் எனக்குக் காட்டினாள். போதகர் மூடியைத் தூக்கிப் பிடித்தார்.

“ரோஸ்லெட்டம்மா, இது என்னதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவள் சிரட்டையை மேசையில் வைத்து, பப்படத்தைச் செருகி, மூடியை நிறுத்தி, ஒவ்வொன்றாக விளக்கினாள். மூடி விழும்போது தகர நாக்கையும் ஒருபக்கம் தள்ளிவிடும், மரத்தில் வழியும் தண்ணீர் வெளியே போய்விடும் என்று காட்டினாள். எறும்பு தின்னாமலிருக்கப் பப்படத்தில் வேப்பிலைச் சாறு தடவுவதைக்கூட விடவில்லை. போதகர் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டப்.

“ஏட்டி, அணிலு வந்து பப்படத்தத் தின்னுட்டுன்னா?” என்று ஒரு குரல்.

“மிச்சத்துக்குச் சோறும் வச்சுக் குடுக்கேன் சித்தி!” என்றாள் ரோஸ்லெட். சபை சிரித்தது.

ஏலம் ஏறியது. வெளிநாட்டிலிருப்பவர்கள் போனில் கேட்பது இப்போது வழக்கம். நானும் இறங்கினேன். கேட்டேன், மறுபடி கேட்டேன், எனக்கும் மேலே ஒருவர் கேட்க விடாமல் கேட்டேன். “மியூனிக் ஒருதரம், மியூனிக் ரெண்டுதரம்…” அடுத்த மாதம் மூடி பார்சலில் வந்துசேர்ந்தது.

அப்போதே இந்த வேலையில் பல வருடம் ஊறியிருந்த நான், அன்று பார்த்தது என் தங்கையை மட்டும்தான்.

5

பண்டிகை முடிந்து நான்கு மாதம் கழித்து, தக்கலையில் ஒரு கல்லூரி ஆசிரியை அவளுக்குக் காப்புரிமை மனு நிரப்பிக் கொடுத்தார். மனுப்போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஆச்சரியப்படுத்த வேண்டுமாம்.

“மனு பாரம் ஒண்ணுல எனக்க பேரு போட்டிருக்கு, அண்ணே. ‘உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்’ன்னு. அத போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். மஸ்கட்டுல ரூம்ல உள்ள எல்லாரும் பாத்தாவளாம்.”

நானும் டிராமிலேயே கைதட்டினேன். பக்கத்திலிருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

வருடங்கள் கடந்து காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. பெரிய தடை ஒன்றுமில்லை. இரண்டு பழைய வெளிநாட்டு ஆவணங்களைக் காட்டி வேறுபாட்டை விளக்கச் சொன்னார்கள். படங்கள் தெளிவில்லை, திரும்ப வரைந்து தாருங்கள் என்றார்கள். பதிலுக்கு ஆறு மாதம். பதிலை நான் எழுதுகிறேன் என்றேன். படத்துக்கு என் மகள் ஜெனியைக் கூப்பிட்டேன்.

ஜெனிக்குப் பதினாறு. தமிழ் கேட்டால் புரியும். பதில் ஜெர்மனில் வரும். அத்தையிடம் போனில் பேச நாலு வார்த்தைதான் வைத்திருக்கிறாள்: சுகமா, சாப்பிட்டாச்சு, சரி, உம்மா. ஆனால் அளவு பிசகாமல் வரைவாள். பால்கனியிலிருந்து மூடியை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். கம்பி ஒன்று, மூடி இரண்டு, பப்படம் மூன்று என்று எண் போட்டுக்கொண்டே வரைந்தாள். நடுவில் நிமிர்ந்து கேட்டாள்:

“அப்பா, இது அத்தை செய்ததிலேயே முதலாவதா?”

“ஆமா.”

“அப்படியானால் இது எப்படி நம்மிடம் வந்தது?”

“ஏலத்தில் எடுத்தேன்” என்றேன்.

சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது.

6

மனுப்போடும் முன் ஊர் அறியக் காட்டிய பொருள் புதியதல்ல. விற்றது புதியதல்ல. செய்தவரே காட்டினாலும் சட்டம் அப்படித்தான். அந்த விற்பனையின் மறுமுனை என் மேசையில், என் மகளின் பென்சிலுக்குக் கீழே கிடந்தது.

வேறு யாருக்கும் தெரியாது. அறிக்கையில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை. தேடுகிறவர்கள் தாள்களில் தேடுவார்கள்; சபை வாசலில் தேட மாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் அவள் பெயரில் ஒரு தாள் வந்துவிடும். மூன்று நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். நான்காம் நாள், டிராமில், சொல்லிவிட்டேன்.

 பேச்சை அறுக்க அன்று அங்கே மழையும் இல்லை.

“நம்ம சர்ச்சுக்குள்ள குடுத்தது எப்பிடி அண்ணே ஊருக்குக் குடுத்ததா ஆவும்?”

“ஆவும், மக்கா.”

“ஆண்டவருக்குக் குடுத்ததுல்லா?”

“ஆண்டவர் அப்பமே ஏலத்துல வித்துட்டாரே.”

சிரித்தாள். பிறகு குரல் மாறியது. “பதினெட்டு வருசமா இதே சோலிதானே உனக்கு. அண்ணைக்கு ‘ஏட்டி, அந்த மூடிச் சவத்தக் கொண்டு உள்ள வை’ன்னு ஒரு வாக்கு சொல்லியிருக்கப்பிடாதா? மியூனிக் ஒருதரம், மியூனிக் ரெண்டுதரம்னு ஆவேசத்துல கத்திக்கிட்டு நின்ன!”



“நாம சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது” என்றேன், மெதுவாக.

“சர்ச்சுல இருநூறு பேருக்குத் தெரியும். எனக்காவ அவ்வளவு பேரும் வாய மூடிக்கிட்டு இருக்கணுமா? இல்ல, முதற்பலன நான் குடுக்கவே இல்லன்னு ஆக்கணுமா?” நிறுத்தினாள். “உள்ளதச் சொல்லிக் கேளு. சட்டத்துல எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கான்னு பாரு. உனக்க படிப்பு அதுதானே.”

7

இருந்தது. 1883-இல் கண்காட்சிக்காரருக்குத் திறந்த அந்தக் கதவு, இன்றைய சட்டத்துக்குள்ளும் உருமாறி நிற்கிறது. அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் காட்டினால் குற்றமில்லை, பன்னிரண்டு மாதத்துக்குள் மனுப்போடலாம். கண்டுபிடித்தவரே கற்றறிந்தோர் அவை ஒன்றில் கட்டுரையாக வாசித்தாலும் அப்படியே.

அறுப்பின் பண்டிகை அரசிதழில் வராது. ஆனால் அதற்கு முந்தின வாரம், சபைப் பெண்களின் சங்கமான பெண்கள் ஐக்கியத்தின் கூட்டத்தில், மூடியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவந்து வாசிக்கும்படி போதகரின் மனைவி சொல்லியிருந்தார். அவளும் வாசித்திருந்தாள்.

“அப்பம் ஐக்கியம் கற்றறிந்தோர் அவையா இல்லையா?” என்றாள் ரோஸ்லெட்.

“யார் யார் இருந்தா?”

“லில்லி டீச்சர். ரெண்டு நர்சு. பாக்கி எல்லாம் பால்வெட்டுகவ, அண்டியாபீசுல முந்திரி உடைக்கப் போறவ. ரப்பர்ல மழ விழுந்தா என்னாவும்னு அவளுவளவிட யாருக்கு அண்ணே தெரியும்?”

அந்தக் கடைசிக் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்துப் பதிலில் சேர்த்தேன். ஏலத்தையும் மறைக்காமல் எழுதினேன். என் பதினெட்டு வருடத்தில் இத்தனை மெலிந்த வாதத்தை இத்தனை ஆசையோடு நான் எழுதியதில்லை. அந்த ஷரத்தை எழுதியவர்கள் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து கட்டுரை கேட்கும் கனவான்களைத்தான் மனதில் கண்டிருப்பார்கள். முந்திரி ஓட்டின் கறை படிந்த விரல்களை அவர்கள் கண்டிருக்க வழியில்லை.

8

விசாரணை வீடியோவில் நடந்தது. ரோஸ்லெட் ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், பின்னால் பலாமரம். நான் திரையின் மூலையில், மியூனிக். அதிகாரி தமிழர், அவளைத் தமிழிலேயே பேச விட்டார். பொறுமையாகக் கேட்டார். ஐக்கியத்தைப் பற்றி அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

“அம்மா, ஏலத்தில் அதை எடுத்தவர் யார்?”

“எனக்க அண்ணன்தான் சார். அந்தா மூலையில இருக்காருல்லா, அவருதான்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?”

சொன்னேன்.

அவர் குனிந்து தாளைப் புரட்டினார். புரட்ட அதில் ஒன்றும் இருந்திருக்காது. என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் குனிந்தார் என்று நினைக்கிறேன். அந்த மனிதருக்கு என் வணக்கம்.

உத்தரவு இரண்டு மாதத்தில் வந்தது. மறுக்கப்பட்டது. கட்டுரை வாசித்தது ஒருபக்கம் இருக்க, ஏலத்தில் ஊர் அறியக் கொடுத்ததற்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. ஆனால் காரணத்தைச் சொல்லும் பத்தியில் இப்படி ஒரு வரி: இப்பொருளை மனுதாரரே முதன்முதலில் செய்து சபையோர் முன் இயக்கிக் காட்டினார் என்பது அவரே தந்த தகவலால் விளங்குகிறது.

“அப்பம் நான்தான் முதல்ல செஞ்சேன்னு அவ்வோ ஒத்துக்கிட்டாவ.”

“ஒத்துக்கிட்டாவ. ஆனா உரிமை உனக்கில்ல.”

“எல்லாரும் செய்யலாமா?”

“யாரும் செய்யலாம். யாராலயும் இனி இது எனக்குள்ளதுன்னு சொல்ல முடியாது.”

“லில்லி டீச்சர் தோட்டத்துல இப்பமே அம்பது மூடி தொங்குகு. இனி நம்ம முந்நூறு மரத்துலயும் மாட்டணும்” என்றாள். அதில் சந்தோஷம் எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

9

அந்த உத்தரவைப் பலமுறை படித்தேன். ‘உண்மையான முதல்’ என்ற சொற்கள் மனுவிலிருந்து எழுந்துவந்து என்னைச் சுற்றின. காப்புரிமைக்குத்தான் அப்படிக் கேட்கிறார்கள். நிலத்துக்கு யாரும் கேட்பதில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன்? அந்த முந்நூறு மரத்தில் ஒன்றின் பட்டையைக்கூட என் கத்தி தொட்டதில்லை. வருடத்துக்கொருமுறை வரி ரசீதின் படம் வரும். கட்டைவிரலை உயர்த்தி ஒரு பதில் போடுவேன்.

நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் நேரம் கேட்டு வாங்கினேன். தோட்டத்தைத் தங்கைக்குத் தானப் பத்திரம் எழுத, ஊரிலிருக்கும் சித்தப்பா மகனுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள். இரண்டு புகைப்படம், காது தெரிய வேண்டும். முதல் தடவை காது தெரியவில்லை. இரண்டாம் தடவை கையெழுத்து கடவுச்சீட்டில் உள்ளதுபோல இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் என் கையெழுத்து ஜெர்மன்காரனாகிவிட்டிருந்தது. தமிழ்நாட்டில் போட்ட பழைய கையெழுத்தை ஒரு தாளில் எழுதி எழுதிப் பழகிக்கொண்டு மூன்றாம் தடவை போனேன். முத்திரை விழுந்தது.

இன்று காலை டிராமில் அவளைக் கூப்பிட்டேன். சொன்னேன்.

“எதுக்கு இப்பம்? பேடன்டு போனதுக்கு ஆறுதல் பரிசா?”

“இல்ல, மக்கா. எனக்க வேலையே அதானே. தேடிப் பாத்தேன். அது முந்தியே உனக்குள்ளதா இருந்துட்டு.”

 அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. தகரக் கூரையில் விழும் மழை. எனக்குத் தெரிந்த சத்தம். நான் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன், பழக்கம் அப்படி.

அவள் வைக்கவில்லை.

தோட்டத்தில் டப். கொஞ்சம் தள்ளி இன்னொரு டப். பிறகு எண்ண முடியாமல், மேட்டிலிருந்து கீழே ஓடை வரைக்கும், மூடிகள் விழுந்துகொண்டே போயின.

“அம்மா அண்ணைக்குச் சொன்னது கேட்டேல்லா, அண்ணே?”

“ஆமா.”

“‘தோட்டத்த நீயா அவன்கிட்ட வாய்விட்டுக் கேக்காத, மோளே’ன்னா. ‘அவனுக்கா தோணணும்’னா. சொன்னா நான் கேட்டதாட்டு ஆயிருமே, அதாக்கும் பொறவு சொல்லாம இருந்தேன்.”

டிராம் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இங்கேயும் மழை, அங்கேயும் மழை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.